தெளிந்த தண்ணீர்: களனிக் கரையில் கருகிய ஒரு கீரைத்தோட்டம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வறண்ட தை மாதக் கடைசியில் தொடங்கி வைகாசி மழையோடு முடிந்த நிகழ்வு இது. தோட்டம் செய்த குடும்பம் பெயர் வேண்டாம் என்றது. ஆகவே அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றுமே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். நான் கொழும்பு வடக்கில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிப்பவன். ஆற்று முகத்துவாரங்களைப் பற்றிப் பல வருடம் கரும்பலகையில் படம் வரைந்திருக்கிறேன். அந்தப் படத்திலிருந்த ஒரு கோட்டை ஆற்றங்கரையில் நின்றபோது மறந்துபோனேன். அந்த மறதிக்கு ஒன்பது நாட்களும் இரண்டு பாத்திகளும் விலையாகின. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டமும் ஆறும்

தோட்டம் சேதவத்தைப் பக்கம், களனி கங்கையின் கரையில் இருக்கிறது. பெரிய நிலம் இல்லை. கங்குன், முகுனுவென்ன, கொஞ்சம் பசளி, ஓரத்தில் வல்லாரை என்று பத்துப் பன்னிரண்டு பாத்திகள். விடியற்காலையில் பிடுங்கிக் கழுவிக் கட்டு கட்டினால், ஏழு மணிக்குள் கிராண்ட்பாஸ், மட்டக்குளிக் கடைகளுக்குப் போய்விடும். தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது. சின்ன பெற்றோல் மோட்டர், ஒரு உறிஞ்சு குழாய், அதன் நுனியில், உறிஞ்சிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட் வால்வ். பதினைந்து வருடமாக இதே ஏற்பாடுதான்.

அண்ணன் பிறந்தது மஸ்கெலியாவில். இருபது வயதில் கொழும்புக்கு வந்தவர். அவருடைய கூடப்பிறந்த அக்கா இன்னும் அங்கே தோட்ட லயத்தில்தான் இருக்கிறார். இந்தத் தகவலை முதலில் சும்மா கேட்டு வைத்துக்கொண்டேன். இந்த நிகழ்வுக்கும் அதற்கும் எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

களனி கங்கை ஏறக்குறைய 145 கி.மீ. நீளமுள்ளது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலிருந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே கூடித்தான் களனி ஆகிறது. முன்னதன் குறுக்கே காசல்ரீ நீர்த்தேக்கம், பின்னதன் குறுக்கே மவுஸ்ஸாகலை. அதற்குக் கீழே அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல தாண்டி, அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, மட்டக்குளிக்கும் காக்கைதீவுக்கும் பக்கத்தில் கடலில் விழுகிறது. அதை அடுத்த ஊருக்குத் தமிழில் பெயரே முகத்துவாரம். தினமும் பஸ் பலகையில் படிக்கிற சொல். ஆற்றின் வாய் என்று அர்த்தம் வைத்து யாரும் படிப்பதில்லை.

அண்ணனின் தோட்டம் கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே. அங்கிருந்து கடல் தெரியாது, அலைச் சத்தம் கேட்காது, காற்றில் உப்பு வாசமும் இல்லை. கடலுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

முதல் அறிகுறிகள்

அந்த வருடம் மார்கழிக்குப் பிறகு மேலே மழை இல்லை. தை நடுவில் ஆற்றில் இழுப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. மேற்பரப்பில் சல்வீனியாவும் ஜப்பான் ஜபர என்கிற ஆகாயத்தாமரையும் அசையாமல் கிடந்தன. அவை புட் வால்வை அடைத்து அடைத்து மோட்டர் காற்றை இழுத்தது. தொல்லை தாங்காமல் அண்ணன் குழாயோடு கூடுதலாக ஒரு துண்டைப் பொருத்தி, கல் கட்டி, நுனியை ஆற்றின் அடிக்குக் கிட்ட இறக்கினார். அடைப்பு நின்றது. நல்ல யோசனை என்று பக்கத்துத் தோட்டக்காரரும் அப்படியே செய்தார்.

இதற்கு ஒரு வாரம் கழித்து நடந்தவற்றை அவர்கள் பிறகு ஞாபகப்படுத்திச் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது தண்ணீரின் தெளிவு. களனித் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் வரை கலங்கல் இறங்காது. இப்போதோ, வாளியை வைத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வருவதற்குள் அடியில் மண் படிந்து மேலே கண்ணாடி மாதிரி இருந்தது. "மழையில்லாததால ஆறு சுத்தமாயிருச்சு சேர், தண்ணி இப்ப நல்லா தெளிஞ்சு வருது" என்று அண்ணன் என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது, அக்காவின் கால். ஈரத்திலேயே நிற்பவர், குதிகாலில் வெடிப்பு உண்டு. தண்ணீர் கட்டும்போது வெடிப்பு எரிகிறது என்று சொல்லியிருக்கிறார். வேப்பெண்ணெய் போடச் சொல்லிவிட்டு அதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவதாகத்தான் கீரை. முதலில் கங்குன் இலைகளின் ஓரம் பழுப்பானது. நுனியில் தொடங்கி விளிம்போடு உள்ளே வந்தது. பழைய இலைகளில் அதிகம், குருத்தில் குறைவு. நண்பகலில் காலடியில் தண்ணீர் நிற்க, செடி வாடி நின்றது. மாலையில் பாத்தி விளிம்பு காய்ந்தபோது மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதை யூரியா என்று நினைத்தார்கள்.

மாசி முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்குள் கரையோரத் தோட்டக்காரர்கள் சிலர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: மேலே உள்ள ஏதோ ஒரு தொழிற்சாலை கழிவைத் திறந்துவிட்டிருக்கிறது. கையொப்பம் வாங்கி மனு கொடுக்கத் தாளும் தயாராக இருந்தது. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். களனியின் கீழ்ப்பகுதி நெடுகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆறு பட்ட பாட்டைக் கரையில் இருப்பவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

முதல் அளவீடும் என் பிழையும்

பாடசாலை ஆய்வுகூடத்தில் மின்கடத்துதிறன் பார்க்கும் பேனா போன்ற கருவி ஒன்று இருந்தது. தண்ணீரில் கரைந்த உப்பு கூடினால் மின்சாரம் சுலபமாகக் கடக்கும். அந்த அளவை எண்ணாகக் காட்டும். அதை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குப் போனேன். கரையில் குந்தி, கையெட்டும் தூரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் மொண்டு பேனாவை விட்டேன். நல்ல ஆற்று நீருக்குரிய சின்ன எண் வந்தது. இரண்டு இடத்தில் பார்த்தேன், அதே எண்தான்.

"தண்ணியில உப்பு இல்ல. வேற காரணமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யூரியா கூடிவிட்டதோ என்று ஒரு ஊகமும் சொல்லி வைத்தேன். என் பேச்சை நம்பி அண்ணன் யூரியாவை நிறுத்தினார், எரிவைத் தணிக்க என்று தண்ணீரை இரண்டு மடங்காக்கினார். அந்த இரண்டு மடங்கும் ஆற்றின் அடியிலிருந்து வந்த தண்ணீர்.

ஒன்பது நாள் கழித்து அக்காவே போன் பண்ணினார். இரண்டு கங்குன் பாத்தி முழுதாகப் போய்விட்டது. முகுனுவென்ன தாக்குப்பிடிக்கிறது, ஆனால் நிறம் மாறிவிட்டது. பேச்சோடு பேச்சாக, "கால் எரிச்சல் இப்ப கூடிருச்சு சேர், வெட்டுக்காயத்துல உப்பு வச்ச மாதிரி இருக்கு" என்றார். போனை வைத்த பிறகு அந்த உவமை என்னை விடவில்லை. அன்று மாலையே கிளம்பினேன்.

கல் கட்டிய போத்தல்

இம்முறை ஆற்றைத் தொடவில்லை. மோட்டரை ஓடவிட்டு, பாத்தியில் விழும் குழாய் வாயில் பேனாவைப் பிடித்தேன். எண் 4 ஐத் தாண்டியது (அலகு dS/m). பாசன நீருக்கு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு தரும் வழிகாட்டலில், இதே அலகில் 0.7 வரை தொல்லையில்லை. 3 க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்தலாம். கடல்நீர் 50 க்கு மேலே நிற்கும். அதாவது அண்ணன் பன்னிரண்டு வாளி இறைத்தால் அதில் ஏறக்குறைய ஒரு வாளி கடல்.

கரையோரம் தொட்டால் நன்னீர், குழாயில் வந்தால் உப்பு. விடை ஆழத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் கல்லைக் கட்டினோம். வாயில் தக்கை, தக்கையில் தனி நூல். போத்தலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே போகும். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. பக்கத்துக் கரைக்காரரின் வள்ளத்தில் ஆற்றின் நடுப்பக்கம் போனோம்.

மேலிருந்து முதல் சில முடிச்சு வரை எண் மாறவே இல்லை. அதற்கு அடுத்த முடிச்சில் கொஞ்சம் ஏறியது. அதற்கும் கீழே ஒரே ஒரு முடிச்சு இறக்கியதும் பேனா எண் காட்டாமல் எல்லையைத் தாண்டி நின்றுவிட்டது. படிப்படியாக ஏறும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அது படியே இல்லை, சுவர். புட் வால்வ் கிடந்த இடம் அந்தச் சுவரின் மேல்விளிம்பை ஒட்டி.

இரண்டு ஜாம் போத்தல்களைக் கரையில் வைத்து அக்காவுக்கும் அண்ணனுக்கும் காட்டினேன். இரண்டிலும் மேல்பரப்புத் தண்ணீர்தான், ஒரே கலங்கல். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்கினேன். சில நிமிடத்தில் அதில் தூசி தூசியாகத் திரள் கட்டத் தொடங்கியது, பால் திரிந்த மாதிரி. அந்தத் திரள்கள் மெதுவாக இறங்கி அடியில் படிந்தன. மற்றது அப்படியே கலங்கலாக இருந்தது. அண்ணன் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப தெளிஞ்சு வந்தது உப்பாலதானா?" என்று கேட்டார்.

ஆமாம். களித்துகள்கள் மிகச் சிறியவை. அவற்றின் மேற்பரப்பில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்புநீரில் உள்ள சோடியம், கல்சியம், மக்னீசியம் அயன்கள் அந்தத் தள்ளலை அடக்கிவிடுகின்றன. துகள்கள் ஒட்டிக் கனமாகி இறங்குகின்றன. உலகத்து முகத்துவாரங்களில் எல்லாம் சேறு படிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கண்டல் காடுகள் வேரூன்றுவதும், இறால் குஞ்சுகளும் நண்டும் இரை தேடுவதும் அப்படிப் படிந்த சேற்றில்தான். மலைநாட்டிலிருந்து ஆறு சுமந்து வரும் மண்ணில் நுண்மையானதைக் கீழே இறக்கி வைக்கச் சொல்வது கடலின் உப்பு. அண்ணனின் வாளியில் நடந்தது அதன் சின்ன உருவம்.

உப்பு எப்படி அவ்வளவு தூரம் வந்தது

ஒரு லீற்றர் கடல்நீர் ஒரு லீற்றர் நன்னீரைவிட ஏறக்குறைய 25 கிராம் கனம். இரண்டும் சந்திக்கும்போது பலமாகக் கலக்க ஏதாவது ஒரு விசை வேண்டும். அது பெரும்பாலும் கடலின் வற்றுப்பெருக்கு. லண்டன் தேம்ஸில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. அங்கே ஆறு தினமும் கடைந்த மோர் மாதிரி கலங்கிவிடும். கொழும்பில் அந்த வித்தியாசம் அமாவாசை, போயா (முழுநிலவு) நாட்களில்கூட ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. ஆகவே கலக்கம் குறைவு. நன்னீர் மேலே வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. கடல்நீர் அதன் அடியில் ஆப்பு வடிவில், கூர்நுனி ஆறு வரும் திசையைப் பார்க்க, ஆற்றுக்குள் நுழைகிறது. பலகையில் நான் வரைந்து வந்த கோடு இந்த ஆப்பின் மேல்விளிம்புதான்.

ஆற்றின் இழுப்பு பலமாக இருந்தால் ஆப்பு முகத்துவாரத்துக்கே தள்ளப்படும். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்து வெள்ளத்தில் காக்கைதீவுக்கு வெளியே கடலே செம்மண் நிறமாவதைப் பார்க்கலாம். தை, மாசியில் இழுப்பு குறைந்ததும் ஆப்பு உள்ளே வரும். வறட்சிக் காலத்தில் அது பத்து கிலோமீற்றருக்கும் மேல் ஏறி அம்பத்தளையைத் தொட வந்ததால்தான் அங்கே முன்பு மணல் மூட்டைகளை அடுக்கித் தற்காலிக அணை போட்டார்கள், பிறகு நிரந்தரத் தடுப்பும் கட்டினார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. கடல்நீரில் லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவு குளோரைட் இருக்கிறது. குடிநீருக்கு உகந்த எல்லை 250. எழுபத்தைந்து குடம் ஆற்று நீரில் ஒரு குடம் கடல் சேர்ந்தாலே எல்லை வந்துவிடும். சேதவத்தையோ அந்தத் தடுப்புக்குக் கீழே, கடல் பக்கம் இருக்கிறது.

ஆற்றின் அடிப்பகுதி தாழ்ந்துபோனதும் காரணம். கட்டட வேலைக்காகப் பல பத்தாண்டுகள் களனியில் மணல் அள்ளினார்கள். கீழ்ப்பகுதியில் பல இடங்களில் ஆற்றுப்படுகை கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. முன்பு மணல்மேடு ஒரு வாசற்படி மாதிரி ஆப்பைத் தடுத்த இடங்களில் இன்று படி இல்லை. அந்த மணல் கடலுக்குப் போகாததன் விளைவை வத்தளைக்கு வடக்கே ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவப் பக்கத்தில் கரையை இழந்த வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். கச்சான் அலை கரையோரமாக மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆறு புதுமணல் கொடுக்காவிட்டால் அது கரையைத்தான் தின்னும்.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்தக் கீழ்ப்பள்ளத்தாக்கே கடல் புகுந்த இடம்தான். இருபதாயிரம் வருடத்துக்கு முன், பனிக்காலத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. களனி இன்றைய கரையைத் தாண்டி வெகுதூரம் போய்க் கடலைச் சேர்ந்தது. போகிற வழியில் பள்ளத்தை ஆழமாக அறுத்தது. பனி உருகிக் கடல் ஏறியதும் அந்தப் பள்ளம் மூழ்கியது. பிறகு ஆறு சேற்றாலும் மணலாலும், சதுப்பு பாதி மக்கிய செடிகொடிகளான தன் முற்றாக் கரியாலும் அதை நிரப்பின. கொலன்னாவையும் முத்துராஜவெலவும் அவ்வளவு தாழ்வாக இருப்பதும், அங்கே வீடு கட்டுபவர்கள் கம்பம் இறக்கத் திணறுவதும் அதனால்தான். ஒவ்வொரு வறட்சியிலும் கடல் தன் பழைய இடத்தை அடியால் வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்றே எனக்குத் தோன்றும்.

முன்னிருந்த வழிகளும் எடுத்த முடிவும்

மறுநாள் தோட்டத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசினோம். விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் வந்திருந்தார்.

குழாய்த் தண்ணீர் வாங்கி ஊற்றலாம். கட்டணம் கீரைக் காசைத் தின்றுவிடும். கரையில் குழி வெட்டலாம். பழைய குழி ஒன்றில் பேனாவை வைத்துப் பார்த்தோம், அதிலும் கசிவு உப்பு ஏறியிருந்தது. மழை வரும் வரை தோட்டத்தைப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது அக்கா பேசவில்லை, எழுந்து போய்ப் பாத்தியோரம் நின்றார். அதை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

எஞ்சியது மேல்நீரை மட்டும் எடுப்பது. புட் வால்வை இரண்டு வெற்று பிளாஸ்டிக் கேன்களுக்கு நடுவே தொங்கவிட்டு மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழே நிற்கும்படி செய்தோம். சுற்றிவரப் பழைய மீன்வலையைக் கட்டினோம், சல்வீனியா நுழையாமல். மோட்டரின் வேகத்தையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன்: வேகமாக உறிஞ்சினால், கீழே இருக்கும் உப்புநீரும் கூம்பு மாதிரி மேலெழுந்து குழாய்க்குள் வரும். இறைப்பது வற்று முடியும் நேரத்தில். பெருக்கில் ஆப்பு உள்ளே தள்ளப்பட்டு மேல்நீரின் தடிப்பு குறைகிறது என்பதை அன்றைய அளவீடுகளிலேயே கண்டோம். தினமும் இறைக்கத் தொடங்கும்போது குழாய் வாயில் பேனாவை வைத்து, 1 ஐத் தாண்டினால் நிறுத்துவது என்று கோடு போட்டோம்.

மனுவைப் பற்றியும் பேசினோம். இந்தக் கருகலுக்குத் தொழிற்சாலை காரணம் என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை, ஆப்புக்கு ஆதாரம் கையில் இருக்கிறது என்று சொன்னேன். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "இன்னிக்கு இல்லாட்டியும் நேத்து ஊத்தினாங்கதானே" என்றார். அது தனியாக அளந்து தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவர் கோபத்தில் பொய் இல்லை.

பிறகு நடந்தது

முதல் நான்கு நாள் எண் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் அமாவாசை. காலை இறைப்பில் எண் 2 க்கு ஏறியது. நிறுத்தினார்கள், மாலையில் இறங்கியது. இரண்டு தடவை வலையை மிதந்து வந்த குப்பை மூடியது. ஒரு இரவு கேன் ஒன்று கழன்று புட் வால்வ் மீண்டும் அடிக்குப் போய்விட்டது. விடிந்ததும் அக்காவின் கால்தான் முதலில் சொன்னது; பேனா பிறகுதான் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து தண்ணீர் கட்டத் தொடங்கும்போது அக்கா காலை வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெடிப்பில் நோய் தொற்றும் என்று சொல்லி, பேனாவையே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆற்றிலும் மாற்றம் தெரிந்தது. பாலத்துக்குக் கீழே ஜப்பான் ஜபரவின் வேர் கருத்து, இலை பழுத்து, கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. உப்பை அது தாங்காது. தூண்டில்காரர்கள் வழக்கத்துக்கு மாறாக மடவையும் ஒரு நாள் கொடுவாக் குஞ்சும் பிடித்தார்கள். அடியில் கடல் வந்திருக்கிறது என்பதை மீன் நமக்கு முன்பே அறிந்திருக்கிறது.

முகுனுவென்ன பங்குனியில் தளிர்விட்டது. கங்குன் பாத்திகளில் மட்டும் ஒன்றும் எழவில்லை.

மண் இறுகியது

இது நாங்கள் எதிர்பார்க்காத பகுதி. உப்பேறிய பாத்திகளை நல்ல மேல்நீரால் நிறைத்து நிறைத்துக் கழுவினோம். மண்ணின் மின்கடத்துதிறன் இறங்கியது. சரி, முடிந்தது என்று விதைத்தோம். ஆனால் மண்ணின் மேல் தோல் மாதிரி ஒரு இறுக்கம். தண்ணீர் இறங்காமல் கலங்கலாக நின்றது. காய்ந்ததும் ஓடு ஓடாக வெடித்தது. முளை அந்த ஓட்டைத் தள்ள முடியாமல் உள்ளேயே வளைந்து கிடந்ததை அண்ணன் விரலால் கிளறிக் காட்டினார், வெள்ளை நூல் மாதிரி.

போதனாசிரியர்தான் விளக்கினார். கழுவியபோது கரைந்த உப்பு போய்விட்டது, ஆனால் களித்துகளில் ஒட்டிய சோடியம் போகவில்லை. உப்புநீர் இருக்கும் வரை திரண்டிருந்த களி, நன்னீர் பட்டதும் பிரிந்து பரவி மண்ணின் துவாரங்களை அடைத்துவிட்டது. ஜாம் போத்தலில் நான் காட்டிய வித்தையின் மறுபக்கம் இது, காட்டியவனுக்கே தோன்றவில்லை. கழுவுவதற்கு முன் ஜிப்சம் போட்டிருந்தால் அதிலுள்ள கல்சியம் சோடியத்தை வெளியேற்றியிருக்கும். பிந்தியாவது போட்டோம், கூடவே மாட்டெருவும் வைக்கோலும். சித்திரையில் மத்தியான இடிமழை தொடங்கியது. வைகாசியில் ஆறு செம்மண்ணாக இறங்கியபோது கல் கட்டிய போத்தலை இறக்கிப் பார்த்தோம். அடி வரை நன்னீர். ஆனிக்குள் ஒரு கங்குன் பாத்தி வழிக்கு வந்தது. மற்றதில் அண்ணன் இன்றுவரை வல்லாரைதான் வைத்திருக்கிறார்.

மறுபடி செய்தால்

முதல் நாளே குழாய் வாயில் அளப்பேன். செடி குடிப்பது அங்கே வரும் தண்ணீரைத்தான். ஆற்றின் ஓரத்தில் நான் மொண்ட கோப்பையை அது பார்த்ததே இல்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த எண்ணை வைத்து முகத்துவாரத்து ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆழம், வற்றுப்பெருக்கு, நிலவு நாள் மூன்றையும் குறிப்பேன்.

தண்ணீர் திடீரென்று தெளிந்தால் அதைக் கரையோரத் தோட்டக்காரர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். புட் வால்வை ஆழத்துக்கு இறக்கும் யோசனை யாருக்கு வந்தாலும், இறக்கும் அன்றே அளக்க வேண்டும். உப்பேறிய களிமண்ணை ஜிப்சம் இல்லாமல் கழுவக்கூடாது. அக்கா இரண்டாம் வாரத்தில் சொன்ன கால் எரிச்சலை நான் நோட்டில் எழுதியிருந்தால், ஒன்பது நாள் முன்பே போத்தலைக் கட்டியிருப்போம்.

மிதக்கும் குழாயும் எல்லா வருடத்துக்கும் போதாது. அதைவிட வறண்ட ஒரு வருடம் வந்து மேல்நீரும் உவர்த்தால் கேன் எவ்வளவு மேலே மிதந்தாலும் பயனில்லை. அதற்கு ஒரு தொட்டியாவது வேண்டும். அது இன்னும் கட்டப்படவில்லை.

அடுத்த தை

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா ஊரை மூழ்கடித்துத்தான் கட்டப்பட்டது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். ஜனங்கள் போய்க் கற்பூரம் ஏற்றுவார்கள். கோயில் தெரிகிறது என்றால் மேலே தேக்கம் குறைந்திருக்கிறது, மின்சாரத்துக்குத் திறக்கும் நீரும் குறையலாம் என்று ஒருநாள் பேச்சில் சொன்னேன். களனியின் இழுப்பு அந்த ஒன்றை மட்டும் நம்பி இல்லை, சீதாவாக்கை, குருகொடை ஓயாக்களும் சேர்கின்றன என்றும் சொல்லி வைத்தேன். அண்ணன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவர் கூப்பிட்டார். மஸ்கெலியாவிலிருந்து அவருடைய கூடப்பிறந்த அக்கா போன் பண்ணியிருக்கிறார். கோயில் தெரியத் தொடங்கிவிட்டதாம். குழாயை மேலே தூக்கிக் கட்டிவிட்டேன், கேனுக்கு இந்தத் தடவை கம்பி போட்டிருக்கிறேன் என்றார். பேனாவுக்குப் புது பற்றரி வேண்டும், வரும்போது வாங்கி வாருங்கள் என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது.